புளியும் சாம்பலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் திருக்குறளின் மாண்பினையும் சிலம்பின் சுவையினையும் எடுத்துரைத்தார்கள். அவ்வளவு பெரிய செய்திகளைத் தொட எனக்குத் தகுதி இல்லை. மெட்ரிகுலேஷனோடு பள்ளியை விட்டவன் நான். இந்தக் கரக்பூரில் இரயில்வே தொழிற்கூடத்துப் பண்டகசாலையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். செயலாளர் அவர்கள், "தங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்" என்று பணித்தார்கள். எனக்குத் தெரிந்தது பழைய பொருளைத் துலக்கிச் செப்பனிட்டு மீண்டும் கையாளும் முறை ஒன்றுதான். அதிலும் பாதி அலுவலகம் கற்பித்தது. பாதி என் அன்னையார் கற்பித்தது.

முதலில் அலுவலகத்தைச் சொல்கிறேன். ஓடுகின்ற பெட்டி ஒன்று குறித்த காலம் ஓடி முடித்ததும், பழுது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தொழிற்கூடத்திற்கு வந்தே தீரவேண்டும். சக்கரங்களைக் கழற்றித் தேய்மானத்தை அளப்பார்கள்; துருவைச் சுரண்டுவார்கள்; தேய்ந்ததை மாற்றுவார்கள்; வர்ணம் பூசி அனுப்புவார்கள். இதனைப் பருவப் பழுதுபார்ப்பு என்கிறோம். ஒரு பொருளை இனி உதவாது என்று தள்ளுவதும் அங்கே எளிதன்று. காரணம் எழுதவேண்டும், அதற்குரியவர்கள் நேரில் பார்க்கவேண்டும், கையொப்பமிடவேண்டும். அதன் பிறகே அது 'கண்டம்' ஆகும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பித்தளை கறுத்தால் பரணில் ஏறுகிறது. வேட்டியில் விரல் நுழையும் அளவு கிழிந்தால் அது கரித்துணி. கல்லில் தோசை ஒட்டிக்கொண்டால், கைப்பேசியில் விரலை வைக்கிறோம். மறுநாள் வாசலுக்குப் புதிய கல் வந்துவிடுகிறது. பார்ப்பாரும் இல்லை, கையொப்பமும் இல்லை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் நம் போன்ற குடும்பங்கள், பொருள் கெட்டுவிட்டதா என்று பாராமலே எத்தனையோ பொருள்களைக் கண்டம் செய்துவிடுகின்றன. பார்க்கத் தெரியாமையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

இனி அன்னையாரிடம் வருகிறேன். தஞ்சைத் தரணியில் எங்கள் ஊர். 2009ஆம் ஆண்டு என் தந்தையார் காலமானபின், அன்னையாரை நான் இங்கே அழைத்து வந்தேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு பித்தளை அண்டா, நாச்சியார்கோயிலில் வாங்கிய ஓர் இணை குத்துவிளக்கு, கும்பகோணத்தில் வாங்கிய ஓர் ஈயச் சொம்பு. இவையே அவர் கொண்டுவந்த சொத்து. இரண்டு அறை கொண்ட குவார்ட்டர்ஸில் அவருக்குச் செய்ய வேலை இல்லை. பேசத் துணை இல்லை. வங்காளமும் இந்தியும் தெரியாது. நாள்தோறும் காலையில் பின்முற்றத்தில் அமர்ந்து பாத்திரம் துலக்குவார். அது ஒன்றே அவருக்குப் பொழுது.

சமையல் எரிவாயு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? தேநீர்க் கடையின் நிலக்கரி அடுப்பிலிருந்து முதலில் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, "தம்பி, இது கல்லுச் சாம்பல். பாத்திரத்தைக் கீறிப்புடும்" என்று தள்ளிவிட்டார். பின்னர்க் கடைத்தெருவில் பொரி வறுக்கும் மூதாட்டியின் விறகு அடுப்பிலிருந்து சாம்பல் கிடைத்தது. அதைச் சலித்து வைத்துக்கொண்டார். அவர் விரல் அறிந்ததை நான் பின்னாளில் படித்தறிந்தேன். விறகுச் சாம்பலில் காரம் உண்டு. அது எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சோப்பின் வேலையைச் செய்யும். நிலக்கரிச் சாம்பலில் அந்தக் காரச் சத்து மிகக் குறைவு. மணல் போன்ற முரடு மிகுதி.

என் அன்னையார் எந்தப் பொருளை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்பார். இது எதனால் ஆனது? இதில் பிடித்திருப்பது என்ன? பிடித்ததை விடுவித்துப் பொருளை விடுவிக்காமல் காப்பது எது? துலக்குதலின் சாத்திரம் முழுவதும் இம்மூன்றில் அடங்கும்.

பித்தளை விளக்கை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு அழுக்கு உண்டு. மேலே எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் செம்பு காற்றோடு கலந்ததால் உண்டான கறுப்பு. நேரே புளியைப் போட்டுத் தேய்ப்பவர் கை வலிக்கத் தேய்த்தும் பயன் காணமாட்டார். பிசுக்கின்மேல் புளி ஏறாது. ஆகவே முதலில் கொதிநீர் ஊற்றி, சீயக்காய்த் தூளோ சலித்த சாம்பலோ இட்டுப் பிசுக்கை நீக்கவேண்டும். பிறகு ஒரு விளக்குக்கு எலுமிச்சை அளவு பழைய புளியும் ஒரு கரண்டி உப்பும் சேர்த்துப் பிசைந்து பூசி, சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்கவேண்டும். புளியிலுள்ள அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். இதில் நாம் தவறுவது கடைசிப் படியில். புளி முழுவதும் போகக் கழுவாமலும், ஈரத்தை உடனே துணியால் ஒற்றாமலும் விட்டால், இரண்டு நாளில் விளக்கு முன்னைவிடக் கறுத்துப் பச்சைப் புள்ளியும் காணும். திருகு மரைகளைக் கழற்றித் தனித்தனியே துடைத்துக் காயவைக்கவேண்டும்.

வெள்ளிக்குப் புளி வேண்டா. அதன் கறுப்பு காற்றிலும் உணவிலும் உள்ள கந்தகத்தால் வருவது. மென்மையான திருநீற்றை உலர்ந்த துணியில் தொட்டுத் தேய்ப்பது நம் பழைய முறை. புதிய முறை ஒன்றும் நன்று: அலுமினியத் தாளை விரித்த கிண்ணத்தில் சுடுநீர், உப்பு, சமையல் சோடா இட்டு வெள்ளிப் பொருளை அத்தாளின்மேல் படும்படி வைத்தால், கறுப்பு தானே விலகும். கல் பதித்த நகையையும் முலாம் பூசியதையும் அதில் இடலாகாது.

அடுத்து, ஈயம். பித்தளை அண்டாவில் புளிக்குழம்பையோ மோரையோ வைத்தால் செம்பு கரைந்து களிம்பு ஏறும்; உண்டவர்க்கு வாந்தியும் வயிற்று நோவும் வரும். அதற்காகவே உட்புறம் ஈயம் பூசினார்கள். இங்கே கலாய் என்பார்கள். பாத்திரத்தை நன்கு துலக்கி, கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள், வெண்புகை எழும். அது உலோகத்தின் மேலுள்ள மாசை அகற்றி ஈயம் பற்ற வழி செய்கிறது. உடனே ஈயக் கம்பியைத் தொட்டால் அது உருகும். பஞ்சால் ஓட்டித் துடைக்க, பாத்திரத்தின் உள்முகம் வெள்ளி போல் ஆகும். பூச்சு மிக மெல்லியது. ஆகையால் அதன்பின் சாம்பலும் மணலும் இட்டுத் தேய்க்கலாகாது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கலாகாது.

வெறும் பாத்திரம் என்றதும் என் குற்றம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு நாள் அன்னையார் கோயிலுக்குச் சென்றிருந்தார், மனையாள் ஊரிலிருந்தாள். ரசம் வைக்கப் புகுந்த நான், ஈயச் சொம்பை அடுப்பில் ஏற்றி, அடுப்பை மூட்டிவிட்டு, புளி கரைக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கையில் சொம்பின் அடி உருகி அடுப்பின்மேல் வழிந்துகொண்டிருந்தது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரைதான் அது சொம்பாக இருக்கும். ஐம்பது ஆண்டு ரசம் வைத்த சொம்பு அரை நிமிடத்தில் போயிற்று. அன்னையார் வந்தார், பார்த்தார். ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. ஆறிய ஈயத்தைப் பொறுக்கி, உருகாத மேற்பாதியோடு ஒரு துணியில் முடிந்து பெட்டியில் வைத்தார். சில மாதங்கள் சென்று கலாய்க்காரர் தெருவில் வந்தபோது அந்த முடிச்சைக் கொடுத்து, "இதையே பூசச் சொல்லு" என்றார். சொம்பு அண்டாவுக்குள் ஏறியது. அண்டா இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அவர் தம் ஈயத்தையே பூசச் சொன்னதற்குக் காரணமும் உண்டு. ஈயம் என்னும் ஒரே பெயரால் நாம் இரண்டு உலோகங்களை வழங்குகிறோம். வெள்ளீயம் பாத்திரத்துக்கு உரியது. காரீயம் நஞ்சு, சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காரீயம் விலை குறைந்தது. ஆகவே கலப்பதற்கு ஆசை வரும். காரீயம் கையில் மிகக் கனக்கும். வெள்ளைத் தாளில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழும். ஆனால் கலப்பு சிறிதளவாயின் இத்தகைய சோதனையில் அகப்படாது. ஆய்வுக்கூடத்தில் சோதிப்பதே உறுதி. எங்கிருந்து வந்ததென்று அறியாத ஈயச் சொம்பையும், அறியாத கையால் பூசிய ஈயத்தையும், மலிவு என்பதற்காக வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் எவர்சில்வரில் ரசம் வையுங்கள். சுவை சற்றுக் குறைந்தாலும் குறையட்டும்.

இரும்பின் செய்தி வேறு. துருப்பிடித்த தோசைக்கல் கெட்டுப்போன கல் அன்று. புளித்தண்ணீரை ஊற்றி ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தால் துரு போகும். நன்றாகக் கழுவி, அடுப்பிலேயே ஈரம் வற்றக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லிதாகத் தடவி, புகை வரும்வரை சுடவைத்து ஆறவிடவேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருமையான தோலாகிவிடும். அந்தத் தோலே மாவை ஒட்டாமல் காப்பது. அதைச் சோப்பிட்டு அழுத்தித் தேய்ப்பவர் தாமே தம் கல்லைக் கெடுக்கிறார்.

இந்த ஊரின் செம்மண் பூமியில் கிணற்று நீரிலும் குழாய்க் கிணற்று நீரிலும் இரும்புச் சத்து வருவதால், வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை விழுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கறை என்றதும் சலவைத் தூளைக் கொட்டுகிறோம். குளோரின் உள்ள தூள் இரும்புக் கறையைப் போக்காது, அழுத்தி நிலைநிறுத்திவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு அலசுங்கள். தேவையானால் மீண்டும் செய்யுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. சலவைத் தூளோடு எலுமிச்சையையோ காடியையோ எந்த அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுக் காற்று எழும். சிறிய குளியலறையில் அது உயிருக்கே கேடு.

இனித் துணிமணி. வேட்டியிலோ புடைவையிலோ ஓட்டை கண்டால் வெளுக்கும் முன் தைக்கவேண்டும். வெளுத்தால் சிறியது பெரிதாகும். அதே துணியின் விளிம்பிலிருந்து இழையை உருவி, ஓட்டையின் குறுக்கே நெருங்க ஓட்டி, பின் நெடுக்கே ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னினால், கை தேர்ந்தவர் செய்தது கண்ணுக்கே தெரியாது. பட்டுக்குக் கடுஞ்சோப்பு ஆகாது, பூந்திக்கொட்டை ஊறிய நீரின் நுரையே போதும், நிழலில் உலர்த்தவேண்டும். பருத்திக்கு வடித்த கஞ்சி இடுவதை வெறும் விறைப்புக்கு என்று நினைக்கிறோம். அழுக்கு கஞ்சியின்மேல் படிந்து, அடுத்த வெளுப்பில் கஞ்சியோடு போய்விடுகிறது. நூல் தேய்வது குறைகிறது.

இந்த இடத்தில் என் வாழ்வில் நான் வெட்கப்படும் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். அன்னையார் வந்த ஆண்டின் புரட்டாசியில் ஒரு ஞாயிறன்று மேலதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. முற்றத்தில் கையெல்லாம் சாம்பலாக, அழுக்குப் புடைவையோடு அன்னையார் அமர்ந்திருந்தார். நான், "அம்மா, அவர் போகும்வரைக்கும் கொஞ்சம் உள்ளே இரேன்" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து கைகழுவி உள்ளே போனார். அதன்பின் பல நாள் அவர் முற்றத்தில் உட்காரவில்லை. விளக்கு கறுத்தது. வீட்டில் பேச்சும் குறைந்தது. வந்த அதிகாரியோ முற்றத்துப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

அவரை மீண்டும் முற்றத்துக்கு அழைத்தது நானல்லேன். விசயதசமி கழிந்து பௌர்ணமியில் வங்காளியர் இலட்சுமி பூசை செய்வார்கள். அடுத்த வீட்டு வங்காளி அம்மையார் கறுத்த பூசைப் பாத்திரங்களோடு வந்து, எங்கள் குத்துவிளக்கு முன்னொரு நாள் மின்னியதைக் கையால் காட்டி, இதை அப்படிச் செய்வது எப்படி என்று சைகையால் கேட்டார். அன்னையார் புளிப்பானையை எடுத்தார். அன்று முற்றத்தில் மூன்று பெண்கள். அடுத்த மாதம் ஆறு பேர். 'மாஷிமா' என்று அவரை அழைத்தார்கள். சிற்றன்னை முறைக்கு அது அவர்கள் மொழிச் சொல். பதிலுக்கு அவர்கள் காந்தா தைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். பழம் புடைவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டுப் போர்வையாக்கும் கலை அது. மொழி தெரியாத இடத்தில் என் அன்னையாருக்கு உறவு தேடித் தந்தவை ஒரு பிடி புளியும் ஒரு முழ நூலும். இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தும் நான் அந்த வீட்டு வாசலை அதுவரை மிதித்ததில்லை.

பழமை எல்லாம் நன்று என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பல் ஆகாது. காரம் அதை அரித்துக் கறுக்கச் செய்யும். சிமெண்டுத் தரையிலும் சலவைக்கல்லிலும் புளி சிந்தினால் உடனே கழுவவேண்டும். அமிலம் கல்லைத் தின்னும். ஒட்டாப் பூச்சுள்ள சட்டியில் செங்கற்பொடி இடுவது அதைக் கொல்வதாகும். தொழிற்கூடத்திலும் சில உறுப்புகளை ஒருபோதும் ஒட்டிப் பயன்படுத்துவதில்லை. உயிர் அதில் தொங்குவதால் கண்டம் செய்தே தீருவார்கள். வீட்டிலும் அவ்வாறே. தோல் உரிந்த மின்கம்பி, வெடித்த எரிவாயுக் குழாய், பிரஷர் குக்கரின் இறுகிப்போன ரப்பர் வளையம், காப்பு வால்வு இவற்றில் சிக்கனம் பாராட்டாதீர்கள். தள்ளவேண்டியதைத் தயங்காமல் தள்ளவும், தள்ளவேண்டாததைத் தயங்கிப் பார்க்கவும் தெரிவதே சிக்கனம். அது தெரியாமல் எல்லாவற்றையும் பிடித்து வைப்பது கஞ்சத்தனம். எல்லாவற்றையும் எறிவது ஊதாரித்தனம்.

என் அன்னையார் 2019ஆம் ஆண்டு காலமானார். அவ்வாண்டு கார்த்திகைக்கு விளக்குத் துலக்க நாங்கள் அமர்ந்தபோதுதான் எங்கள் ஏழ்மை விளங்கியது. புளி எவ்வளவு என்பது தெரிந்திருந்தது. முறத்துக்குப் பூச வெந்தயத்தை எதனோடு அரைப்பார், கல்சட்டியை எத்தனை நாள் கஞ்சியில் பழக்குவார் என்பவற்றை ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. பத்து ஆண்டு ஒரே கூரையின்கீழ் இருந்தும் கேட்கவில்லை. இரயில்வேயில் ஒரு திருகாணிக்குக்கூடப் பேரேட்டில் பக்கம் உண்டு. பேரேடு எழுதும் கையால் நான் அவருக்கென ஒரு பக்கம் எழுதவில்லை.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், இந்தக் கூடத்தில் நாம் கூடுவோம். கறுத்ததையும் கிழிந்ததையும் துருப்பிடித்ததையும் கொண்டுவருவோம். நம் குடியிருப்பிலுள்ள பாட்டிமார் நடுவில் அமரட்டும்; பிள்ளைகள் அருகில் இருந்து அளவும் முறையும் எழுதிக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்து வங்காளியரையும் தெலுங்கரையும் அழைப்போம். அவர்களிடமும் நமக்குக் கற்க உண்டு. பழுது பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று நான் கணக்குச் சொல்லப்போவதில்லை. வேலையற்றிருக்கும் ஒரு முதியவருக்கு அன்று வேலை கிடைக்கும். அதுவே முதல் வரவு.

உங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு முதியவர் சாம்பற் கையோடு அமர்ந்திருந்தால், யார் வந்தாலும் அவரை உள்ளே அனுப்பாதீர்கள். ஒரு மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு நீங்கள் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.